ஒன்பதாங்கட்டைப் பள்ளி வேன்

ஈப்போ
2 ஜூலை 2025

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும். அதனால் கேட்கவில்லை. நேற்று மாலையிலிருந்து பதினேழு தடவை கூப்பிட்டுவிட்டேன். என் நம்பரை நீங்கள் அடைத்துவிட்டதாகப் பவித்ரன்தான் சொன்னான். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் இருக்கிற உங்கள் மகனுக்குத் தெரிகிறது, அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. போனை அடைக்கலாம், கடிதத்தை என்ன செய்வீர்கள்? எங்கள் கிளினிக் வண்டியை ஓட்டுகிற சன்னாசி அண்ணன் உங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தானே இருக்கிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

டேவான் மண்டபத்தில், எங்கள் கிளினிக் முகாமில் நடந்தது என் தப்பு. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் பேனா வேறு பக்கம் போய்விடும். "பிரஷர் மட்டும் பாத்துக்கலாம், வாங்கண்ணே" என்று பொய் சொல்லிக் கூப்பிட்டேன். உங்களைக் கேட்காமலே பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராக, 'காரணம்' என்ற கட்டத்தில், தூக்கமில்லை, மனச்சோர்வு, டாக்டருடன் பேச வேண்டும் என்று எழுதினேன். அண்ணி இறந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. போட்ட சோற்றை அப்பா தொடுவதில்லை என்று பவித்ரன் போனில் அழுதான். கேட்டால் வரமாட்டீர்கள், வந்த பிறகு உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பட்டியலை ராமையா மாமாவிடம் கொடுத்தது அடுத்த தப்பு. ஆள் கூப்பிட ஒருவர் வேண்டும் என்றதும் அவராகவே வந்து நின்றார். தோட்டத்தை விற்றுப் பதினெட்டு வருஷம் ஆகியும் அவர் இன்னும் ஆள்களை மேய்க்கிற மண்டோர்தான். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, பேர், நிரை, வேலை என்று கத்திச் சொன்ன அதே தொண்டை. பேரை மட்டும் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படித்தார். "மகேந்திரன்! அம்பத்தாறு! தூக்கமில்ல! மனச்சோர்வு! டாக்டரோட பேசணும்! எங்கய்யா ஆளு?"

அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனீர்கள். என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மன்னித்துவிடுங்கள் அண்ணே. ஒரு வரியாவது எழுதுங்கள்.

பிரமிளா


ஒன்பதாங்கட்டை
5 ஜூலை

பிரமிளாவுக்கு,

உன் கடிதம் வந்தது. "பதில் வாங்கிட்டுத்தான் வரணும்னு சொல்லிட்டாங்கண்ணே" என்று சன்னாசி வாசலில் நின்று பல்லைக் காட்டுகிறான். பதில் கிடையாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீ எழுதிய ஒரு வரி என்ன செய்தது என்று தெரிந்துகொள். புதன்கிழமை காலை முனை வீட்டுக்காரி, பிள்ளை இனிமேல் அப்பாவோடு மோட்டாரில் போகும் என்றாள். வியாழக்கிழமை இன்னும் இரண்டு வீடு. பதினான்கு பிள்ளைகள் ஏறிய வேனில் இப்போது பதினொன்று. ஒருத்தரும் காரணம் சொல்லவில்லை. "பரவால்லண்ணே, கொஞ்ச நாளைக்கு லா" என்கிறார்கள். மீதிப் பேர் காலையில் மார்க்கெட்டில் மீனைப் பார்ப்பது மாதிரி என் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை ஏற்றுகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். இதுவரை வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

காப்பிக் கடையில் இராமசாமி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மகேன், தஞ்சோங் ரம்புத்தானுக்குத் தனி பஸ் விடப் போறாங்களாம், நீதான் ஓட்டப் போறியா?" என்றான். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர், நம் பக்கத்தில் ஒருத்தனைப் பைத்தியம் என்று சொல்ல அந்த ஊர்ப் பேர் போதும். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

எனக்கு ஒன்றும் இல்லை. தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். உன் அண்ணியை வாரம் மூன்று தடவை டயாலிசிசுக்குக் கூட்டிப் போக விடிவதற்கு முன்னால் எழுந்து பழகிய உடம்பு. அவள் போய்விட்டாள் என்று உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. இதற்கு ஒரு டாக்டர், அதுவும் தைப்பிங்கில் உட்கார்ந்துகொண்டு திரையில் பேசுகிற டாக்டர். எனக்கு டிவி பார்க்கவும் நேரமில்லை.

இன்னொன்று. வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே போனில் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசலாம் என்று உங்கள் ஆள்கள் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ இந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தானே? இங்கே சுவர் எல்லாம் பலகை. நான் தும்மினால் நாலு வீடு தள்ளி சன்னாசி 'நூறு' என்கிறான். இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து எவன் மனசைத் திறப்பான்? பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைக்கூட யோசிக்க மாட்டீர்களா?

இனி எழுதாதே.

மகேந்திரன்

பின்குறிப்பு: பின்னால் செம்படாக் பழுத்திருக்கிறது. ஒன்று கொடுத்துவிடுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.


ஈப்போ
10 ஜூலை

அண்ணனுக்கு,

எழுதாதே என்கிறீர்கள், செம்படாக்கும் அனுப்புகிறீர்கள். நான் எதைக் கேட்பது? மூன்று நாளாக ஆபீஸ் முழுக்க உங்கள் பழத்தின் வாசம்தான்.

நீங்கள் பலகைச் சுவரைப் பற்றி ஏசியதைத் திங்கட்கிழமை கூட்டத்தில் வாசித்தேன். பெயர் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். டாக்டர் தர்மினியும் தைப்பிங்கிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே பேய் மழை, பாதி காதில் விழவில்லை என்று இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "இந்த மனிசர் சொல்லுறது சரி. நாங்கள் எங்கட வசதிக்குத்தான் யோசிச்சிருக்கிறம்" என்றார். அவர் யாழ்ப்பாணத்து வழி, பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் ஆள் தங்கம்.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினோம். பட்டியலும் இல்லை, காரணமும் இல்லை. வருகிறவர்களுக்கு நம்பர் மட்டும். விரலில் ரத்தம் எடுக்க வந்தவரானாலும் சரி, மனசு நொந்து வந்தவரானாலும் சரி, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தே ஆக வேண்டும். சர்க்கரை, பிரஷர், பிறகு எல்லாருக்கும் ஒரே கேள்விகள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எதிலாவது மனசு போகிறதா. பேச இருக்கிறவர்களுக்குத் திரையில் டாக்டர் வருவார். பேச ஒன்றும் இல்லாதவர் உள்ளே சும்மா இருந்துவிட்டு வரலாம். உள்ளே யார் எதற்காகப் போனார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. எஞ்சினை ஓட விட்டால் பேச்சுச் சத்தம் வெளியே வராது என்று சொன்னது சன்னாசி அண்ணன். இத்தனை பட்டதாரிகள் இருந்து ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ராமையா மாமாவிடமும் பேசினேன். "நான் அவன ஏசுனேனா தாயி? எழுதியிருந்ததத்தான படிச்சேன்" என்று கண்கலங்கிவிட்டார். உண்மைதானே. எழுதியது நான்.

அண்ணே, ஒன்று கேட்கிறேன். விடிவதற்கு முன்னால் எழுகிறீர்கள் சரி. எத்தனை மணிக்குக் கண் மூடுகிறீர்கள்? வேன் ஓட்டும்போது எப்படி இருக்கிறது? இதை நர்ஸாகக் கேட்கவில்லை. இல்லை, பொய் சொல்ல மாட்டேன், நர்ஸாகவும்தான் கேட்கிறேன்.

பதினைந்தாம் தேதி பாடாங் திடலில் வண்டி நிற்கும். வாருங்கள்.

பிரமிளா


ஒன்பதாங்கட்டை
17 ஜூலை

பிரமிளாவுக்கு,

பதினைந்தாம் தேதி நான் வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். வந்தேன். பாடாங் ஓரத்தில் வேனை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு பேர் ஏறி இறங்கினார்கள். அந்த இராமசாமியும் ஏறினான். நேரம் முடிந்து கதவைத் தட்டினார்கள், அவன் இறங்கவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "உள்ள காத்தே இல்ல லா, வேர்க்குது" என்றான். ஏர்கோன் தண்ணீர் வண்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டு இருக்கிறது, இவனுக்கு வேர்க்கிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலாக இருந்தது. அவன் பேசிவிட்டான், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்ற எரிச்சலாக இருக்கலாம்.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வேனை ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவுகிறேன். சாமான் வாங்கப் போகிறேன் என்று ஈப்போவரை வந்து, எதை வாங்க வந்தேன் என்று தெரியாமல் திரும்பிவிடுகிறேன். உன் வீட்டுத் தெரு முனைவரை இரண்டு தடவை வந்தேன். டிவியைப் போடுகிறேன், அணைக்கிறேன், வெளியே போய் செம்பனை மரங்களுக்குள்ளே நடக்கிறேன், திரும்பி வந்து மறுபடி டிவியைப் போடுகிறேன்.

நான் சொல்ல வந்தது இது இல்லை. மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பதினொரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஆற்றுப் பாலம் ஏறியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டு இருக்கிறார்கள். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடுவில் ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது பிரமிளா. சிம்பாங் பூலாய் விளக்கு இருக்கிறது, மலையிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரிகள் இருக்கின்றன. சிவப்புக்கு நின்றேனா, தெரியாது. தூங்கவில்லை, தூங்கியிருந்தால் வேன் எங்கேயாவது மோதியிருக்கும். கண் திறந்துதான் இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

நேற்றும் அப்படி ஆனது.

படித்ததும் கிழித்துவிடு. யாரிடமாவது சொன்னால் எனக்குத் தங்கச்சி இல்லை. வேனையும் விட்டுவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது சொல்? காலையில் பதினொரு பேர் 'குட் மார்னிங் அங்கிள்' என்கிறார்கள். மதியம் 'பை பை அங்கிள்' என்கிறார்கள். ஒரு நாளில் என்னோடு பேசுகிறவர்கள் அவ்வளவு பேர்தான்.

மகேந்திரன்


ஈப்போ
18 ஜூலை, வெள்ளி

அண்ணே,

கிழிக்கவில்லை.

வேனை எடுக்காதீர்கள். இன்று மதியம் எடுக்காதீர்கள், திங்கட்கிழமையும் எடுக்காதீர்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

பெயர் சொல்லாமல் டாக்டர் தர்மினியிடம் கேட்டேன். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, துக்கத்தையும் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் இப்படி நினைவு விட்டுப் போகலாம் என்றார். சர்க்கரையோ, நரம்போ, வேறு ஏதாவதோ என்றும் பார்க்க வேண்டுமாம். எதுவானாலும் மருந்து இருக்கிறது, வழி இருக்கிறது. அதுவரை வண்டி ஓட்டவே கூடாது என்றார். அந்த ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னார். நாளை சனிக்கிழமை அவருக்கு விடுமுறை, ஆனாலும் அந்த ஆளுக்காக உட்காருகிறேன் என்கிறார்.

யாரிடமும் சொல்லாதே என்று தங்கைக்கு எழுதினீர்கள். படித்தது நர்ஸும்தான். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் சட்டம். உயிர் போகிற விஷயம் என்றால் மட்டும் வாயைத் திறக்கலாம். பதினொரு உயிர், உங்களோடு பன்னிரண்டு. நான் சொன்னால் நீங்கள் என் முகத்தில் முழிக்கமாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். எனக்கும் கூடப் பிறந்தவர் என்று நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள்.

திங்கள் காலை வேன் கிளம்பினால் ஒன்பதாங்கட்டைச் சந்திப்பில் நிற்பேன். நிஜமாகவே நிற்பேன்.

பிரமிளா


ஒன்பதாங்கட்டை, காப்பிக் கடை
21 ஜூலை, திங்கள், காலை

சனிக்கிழமை வந்து கதவைத் தட்டினேன். வேன் நிற்கிறது, வீட்டுக்குள் டிவி ஓடுகிறது, நீங்கள் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். கதவுக்கு வெளியே அரை மணி நேரம் பேசினேன். பக்கத்து வீட்டில் எல்லாம் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை சந்திப்பில் நின்றேன். ஏழு மணி ஐந்து நிமிஷம், ஆள் முகம் தெரிகிற வெளிச்சம். கிளினிக் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வளைவுக்கு நேராக, சடக்கு ஓரத்திலிருந்து ரோட்டில் இறங்கி நின்றேன். இரண்டு கையையும் ஆட்டினேன். "அண்ணே, அண்ணே" என்று கத்தினேன். வேன் வளைவில் மெதுவாகத்தான் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் போனீர்கள். உங்கள் முகம் என் பக்கம்தான் இருந்தது, கண் என் மேல்தான் இருந்தது. ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. யாரோ தெருவில் நிற்கிறவளைப் போல என்னைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அப்படி என்ன கோபம்? அப்பா செத்தபோது சுடுகாட்டுக்குப் போகிற வழியில்கூட என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தவர் நீங்கள். என் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாக அழுதவர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக உங்களால் எப்படி முடிந்தது?

போதும். இதைச் சன்னாசி அண்ணனிடம் கொடுத்து நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கே அனுப்புகிறேன். மதியம் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் நீங்களாகவே சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் பஸ் ஓட்டுகிற லைசன்ஸ் இருக்கிறது. ஒரு மணிக்குள் கொடுக்கவில்லை என்று அவர் சொன்னால், தலைமையாசிரியரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நம்பரை எடுத்து வைத்துவிட்டேன். சொல்லியே தீருவேன்.

பிரமிளா


ஒன்பதாங்கட்டை
21 ஜூலை, மாலை

அன்புள்ள பிரமிளா,

நான் உன்னைப் பார்க்கவில்லை.

கோபத்தில் போகவில்லை. உன் அண்ணி துளசி மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் உன்னைப் பார்க்கவே இல்லை. சந்திப்பில் யாரும் நிற்கவில்லை என்றுதான் எனக்கு நினைவு. இவள் சும்மா மிரட்டினாள், வரவில்லை என்று போகும்போது நினைத்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. மஞ்சள் சட்டை, இரண்டு கை, கத்தல், எதுவும் இல்லை. வெறும் சடக்கு.

வாசலில் வேனுக்குள் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். முதலில் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். சன்னாசியைக் கேட்டேன். "நானும் பக்கத்துலதான் நின்னேண்ணே. தங்கச்சிய இடிச்சிருவீங்கன்னு நான்தான் கையப் புடிச்சு இழுத்தேன்" என்றான். நீ அதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

என் தங்கச்சி நின்ற இடத்தில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அங்கே ஒரு பிள்ளை நின்றிருந்தால்? இன்று மதியத்திலிருந்து இது ஒன்றுதான் தலைக்குள் சுற்றுகிறது.

சாவியைக் கொடுத்துவிட்டேன். சன்னாசி ஓட்டினான், நான் பின் சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வந்தேன். பிறகு பதினொரு வீட்டுக்கும் நடந்து போனேன். முதல் வீட்டில் உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் லீவு என்று சொன்னேன். இரண்டாவது வீட்டில் அந்தப் பொய் வாயில் வரவில்லை. தூக்கம் இல்லை, ஓட்டும்போது நினைவு விட்டுப் போகிறது, டாக்டரிடம் போகப் போகிறேன் என்றேன். "இத்தன நாளா தெரிஞ்சுக்கிட்டேவா எம்புள்ளய ஏத்திட்டுப் போனீங்க?" என்று ஒருத்தி கத்தினாள். இரண்டு தடவை தெரிந்த பிறகும் ஏற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன். கதவை அறைந்து சாத்தினாள். அவள் செய்தது நியாயம். இன்னொரு வீட்டில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. கடைசியாக முதல் வீட்டுக்கே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

போனில் உன்னை அடைத்து வைத்ததை எடுத்துவிட்டேன். இன்று கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் பேச்சு வராது, இந்தப் பலகைச் சுவரைத் தாண்டி எல்லாருக்கும் நான் அழுவது கேட்கும்.

அந்த டாக்டரிடம் பேசுகிறேன். திரையிலோ, எதிலோ. பயமாக இருக்கிறது பிரமிளா. வேன் திரும்பக் கிடைக்குமா என்ற பயம் இல்லை, அதைப் பிறகு பார்க்கலாம். இத்தனை நாளில் வேறு என்னவெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் இருந்து நான் பார்க்காமல் போனேன் என்று பயமாக இருக்கிறது.

நாளை காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். மேடான் கிட் பஸ் நிலையத்தில் இறங்குவேன். அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் படிக்கு நேராக நில். பார்த்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். பார்க்காமல் தாண்டிப் போனேன் என்றால் கோபித்துக்கொண்டு நின்றுவிடாதே. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்.

அண்ணன்
மகேந்திரன்